கிளீனரை ஓடவிடும் முன்: விண்டோஸ் கணினியில் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

வீட்டுக் கணினி மந்தமானதும் பலரும் முதலில் தேடுவது ஒரு 'கிளீனர்' மென்பொருளை. பொத்தானை அழுத்தினால் இத்தனை ஜிபி குப்பை இருக்கிறது என்று காட்டும். அழித்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும்; கணினி மட்டும் முன்பு போலவே ஊர்ந்துகொண்டிருக்கும். வட்டில் சும்மா கிடக்கும் கோப்பு பிராசஸரின் நேரத்தையும் எடுப்பதில்லை, ஓடும் மென்பொருள்கள் தற்காலிகமாகத் தரவை வைக்கும் ரேமையும் எடுப்பதில்லை என்பதுதான் காரணம். கிளீனர் மீட்டுத் தருவது இடத்தை, வேகத்தை அல்ல.

இதற்கு ஒரே விலக்கு, சி டிரைவ் ஏறக்குறைய நிரம்பிவிட்ட கணினி. ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் வளர அங்கே இடமிருக்காது. அப்டேட்டுகள் பாதியில் நிற்கும். டிரைவ், ஹார்ட் டிஸ்க் போலச் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியாக இருந்தால் காலிப் பகுதிகள் குறையக் குறைய எழுதும் வேகமும் சரியும். மொத்தக் கொள்ளளவில் 15 விழுக்காடாவது காலியாக வைத்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. அவ்வளவு காலியிடம் இருந்தும் கணினி மந்தமாக இருக்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது; அதற்குக் கிளீனர் மருந்தல்ல.

இடம் தேவைப்படுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும், ஒவ்வொரு டிக் பெட்டியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை அழித்தால் கணினி தானே திரும்ப உருவாக்கிக்கொள்ளுமா, அல்லது இருப்பதே இந்த ஒரு பிரதிதானா?

தானே திரும்பி வருபவை

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று வரிசையாகப் போனால் ஒரு பட்டியல் வரும். வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் இதுவே போதும். தனி மென்பொருள் தேவைப்படாது. பட்டியலைத் திறக்கும் முன் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அரைகுறையாக நிற்கும் அப்டேட்டுகளும் இன்ஸ்டாலேஷன்களும் அப்போது முடிந்துவிடும். அவற்றுக்குத் தேவையான தற்காலிகக் கோப்புகளை நடுவில் உருவிவிடும் ஆபத்து இருக்காது.

பட்டியலில் டெம்பரரி ஃபைல்ஸ், தம்ப்நெயில்ஸ், டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ் ஆகியவற்றைத் தயங்காமல் அழிக்கலாம். தம்ப்நெயில் என்பது படங்களின் சிறு உருவம்; அழித்தால் அடுத்த முறை ஃபோல்டரைத் திறக்கும்போது மீண்டும் உருவாகும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். டெலிவரி ஆப்டிமைசேஷன் கோப்புகள், பிற கணினிகளோடு பகிர்வதற்காக விண்டோஸ் சேர்த்துவைத்த அப்டேட் துண்டுகள். உங்களுக்கு அவற்றால் பயனில்லை.

விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்ற வரியும் பாதுகாப்பானதே. புதிய பதிப்பு வந்ததால் காலாவதியான சிஸ்டம் கோப்புகளை அது நீக்குகிறது. ஆனால் வேலை உடனே முடியாது. அடுத்த ரீஸ்டார்ட் வரை நீளலாம். அப்போது திரை நெடுநேரம் அசையாமல் நின்றாலும் ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள். மின்வெட்டு அதிகமுள்ள பகுதியில் யுபிஎஸ் இல்லாத கணினி என்றால், கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில் இதைச் செய்யுங்கள்.

பிரௌசர் கேஷும் திரும்ப உருவாகும் வகைதான். ஆனால் அதைத் தினமும் துடைப்பதில் பொருளில்லை. ஏற்கெனவே இறக்கிவைத்த படங்களையும் எழுத்துருக்களையும் அழித்துவிட்டு, அதே தளத்துக்குப் போய் மறுபடி இறக்குகிறீர்கள், டேட்டாதான் செலவாகும். கேஷுக்குப் பக்கத்திலேயே குக்கீ, சேமித்த பாஸ்வேர்டு, ஃபார்ம் விவரம் என்று வேறு பெட்டிகளும் இருக்கும். குக்கீயை அழித்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். பாஸ்வேர்டுக்கு எதிரே டிக் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். வேறெங்கும் குறித்து வைக்காத பாஸ்வேர்டு போனால் போனதுதான்.

திரும்பி வராதவை

அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். ஆபத்து மிகுந்த பெட்டி இதுதான். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட், பழைய டிஸ்க் கிளீனப் கருவியிலும் இந்த ஃபோல்டரைச் சேர்த்தது. அந்தக் கருவியில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டே பழகியவர்கள் தங்கள் கோப்புகளை இழந்தார்கள். 2020 மே மாத அப்டேட்டில் அங்கிருந்து அது நீக்கப்பட்டது. செட்டிங்ஸ் பட்டியலில் இன்றும் இருக்கிறது. பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் நகலும், வங்கி அறிக்கையும், மின்னஞ்சலிலிருந்து இறக்கிய குடும்பப் படங்களும் பல வீடுகளில் இந்த ஃபோல்டரில்தான் கிடக்கின்றன. அவற்றை முதலில் டாக்குமென்ட்ஸுக்கோ வெளி டிரைவுக்கோ மாற்றுங்கள். ரீசைக்கிள் பின்னையும் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டே காலி செய்யுங்கள்.

ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் என்ற வரி சில கணினிகளில் 20 ஜிபியைக்கூடத் தாண்டும். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு பழைய விண்டோஸ் முழுவதையும் கணினி அதில் வைத்திருக்கிறது. புதியது ஒத்துவராவிட்டால் 10 நாள் வரை பழையதற்குத் திரும்பலாம். அதன்பின் விண்டோஸே அதை நீக்கிவிடும். பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் எல்லாம் புதிய பதிப்பில் ஓடுகின்றனவா என்று பார்க்கும்வரை இதை விட்டுவையுங்கள்.

இடத்தைத் தேடிக் கையாலேயே அழிப்பவர்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர், வின்எஸ்எக்ஸ்எஸ் இரண்டையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். முதலாவதில்தான் ஆபீஸ் போன்ற மென்பொருள்களைப் புதுப்பிக்கவும் நீக்கவும் தேவையான கோப்புகள் இருக்கின்றன. அழித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து அப்டேட் செய்யும்போது பிழை வரும், காரணமும் புரியாது. விண்டோஸ் தன் சிஸ்டம் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் பார்வைக்குப் பூதாகரமாக இருக்கும். அதிலுள்ள கோப்புகள் பல, சிஸ்டம்32 போன்ற இடங்களிலும் அதே கோப்பாகவே தெரிகின்றன. ஒரே தரவுக்கு இரண்டு பெயர். எக்ஸ்ப்ளோரர் அதை இரண்டு முறை எண்ணிவிடுவதால் காட்டும் அளவு உண்மையைவிடக் கூடுதல். ப்ரீஃபெட்ச் ஃபோல்டரையும் சில வழிகாட்டிகள் அழிக்கச் சொல்கின்றன. அது மென்பொருள்கள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு. அழித்தால் அடுத்த சில தொடக்கங்கள் மெதுவாகத்தான் ஆகும்.

ரிஜிஸ்ட்ரி கிளீனர் வேண்டவே வேண்டாம்

விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் தரவுத்தளம் ரிஜிஸ்ட்ரி. ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய பதிவைச் சரியான பாதை சொல்லி நேராக எடுக்கும். முதல் பதிவிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகாது. ஆகவே யாரும் கேட்காத 500 பழைய பதிவுகள் அங்கே இருப்பதால் எந்தத் தாமதமும் இல்லை. அவற்றின் மொத்த அளவும் சில நூறு கேபியைத் தாண்டுவது அரிது.

லாபம் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. ஒரு பதிவு குப்பையா இல்லையா என்பதைக் கிளீனர் ஊகிக்கவே முடியும். பதிவு சுட்டும் கோப்பு இல்லாவிட்டால் குப்பை என்று முடிவு கட்டும். அந்தக் கோப்பு நீங்கள் அன்று செருகாத வெளி டிரைவில் இருந்தாலும் அதே முடிவுதான். 1990களில் மைக்ரோசாஃப்டே ரெக்கிளீன் என்ற கருவியை வெளியிட்டுப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்று இத்தகைய கருவிகளை ஆதரிப்பதில்லை என்பதே அதன் அறிவிக்கப்பட்ட நிலை. ரேமை விடுவிக்கும் பூஸ்டர்களும் இதே ரகம். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களின் தரவை ரேமிலிருந்து வெளியே தள்ளி எண்ணைக் குறைத்துக் காட்டும். அடுத்த நொடியே அந்தத் தரவு தேவைப்பட்டு, கணினி அதைத் திரும்ப எடுத்துவர உழைக்கும்.

வெளி மென்பொருள்தான் வேண்டுமென்றால்

தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பை நம்பாதீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது கஸ்டம் என்ற வழியைத் தேர்ந்து, கூடவே ஒட்டிவரும் பிரௌசர், ஆண்டிவைரஸ் டிக்குகளை எடுத்துவிடுங்கள். திறந்த மூல மென்பொருளான ப்ளீச்பிட்டில் ப்ரிவியூ என்ற பொத்தான் உண்டு. எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று கோப்பு வாரியாகக் காட்டும். அதைப் படிக்காமல் அடுத்த பொத்தானுக்குப் போகாதீர்கள். முதல் முறை ஓட்டும் முன் முக்கியமான கோப்புகளை வெளி டிரைவில் நகல் எடுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடி, சி டிரைவுக்குப் பாதுகாப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல கணினிகளில் அது ஆஃபில்தான் இருக்கும்; ஆன் செய்து ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டை உருவாக்குங்கள். ரீஸ்டோர் பாயின்ட் சிஸ்டம் அமைப்புகளைத்தான் மீட்கும். அழிந்த படங்களைத் திருப்பித் தராது.

பெயர்பெற்ற மென்பொருள் என்பது மட்டும் போதாது. 2017 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை விநியோகிக்கப்பட்ட சிசிகிளீனர் 5.33 பதிப்பில் தாக்குதல்காரர்கள் தீய நிரலைப் புகுத்தியிருந்தார்கள். அது அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு இறங்கியது, சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கிளீனர் நிர்வாகி உரிமையோடு ஓடும் மென்பொருள். அதற்குள் நுழைந்தவருக்குக் கணினியின் எல்லாக் கதவும் திறந்திருக்கும். அதனால் வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுவது நல்லது. வைத்திருப்பதானால் பின்னணியில் ஓடும் வசதியையாவது அணைத்துவையுங்கள்.

திரையில் சிவப்பு எழுத்தில் பயமுறுத்தி, சரிசெய்யப் பணம் கேட்கும் எதையும் உடனே மூடுங்கள். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் இலவசமாக நடந்த கணினிப் பரிசோதனை இதற்குச் சான்று. தொடக்கத்தில் கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பது போன்ற 4 கேள்விகள் வரும். ஒன்றுக்கு டிக் போட்டாலே போதும், மால்வேர், அதாவது தீய நிரல் இருப்பதற்கான அறிகுறி தெரிவதாக முடிவு வந்துவிடும். ஸ்கேன் என்ன கண்டது என்பதற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை. 2019இல் அந்த நிறுவனமும் மென்பொருளைத் தந்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன.

வேகம்தான் வேண்டுமென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்டப் ஆப்ஸ் பகுதிக்குப் போங்கள். தொடக்கத்தைத் தாமதப்படுத்தும் அளவு 'ஹை' என்று காட்டுபவற்றில் கணினி தொடங்கும்போதே தேவைப்படாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். இதில் எதுவும் அழிவதில்லை. தவறினால் திரும்ப எனேபிள் செய்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய கணினியாக இருந்தால், கிளீனருக்குக் கொடுக்கும் சந்தாவைவிட ஒரு எஸ்எஸ்டிக்குச் செலவிடுவதே மேல்.

தவறி அழித்துவிட்டால்

அழிப்பு என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டுப் பக்கத்தை அப்படியே விடுவது போன்றது. ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் பக்கத்தின் மேல் வேறேதும் எழுதப்படும்வரை கோப்பு அங்கேயே இருக்கும். ஆகவே அந்த நொடியிலிருந்து கணினியில் எதையும் இறக்காதீர்கள். மீட்புக் கருவியைக்கூட அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸ் ஃபைல் ரெகவரியை ஓட்டுங்கள். மீட்ட கோப்புகளை மூன்றாவது ஒரு டிரைவில் சேமியுங்கள்.

எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. அழித்த இடங்கள் எவை என்பதை டிரிம் என்ற கட்டளை மூலம் விண்டோஸ் உடனுக்குடன் டிரைவுக்குச் சொல்லிவிடும். டிரைவ் தனக்கு ஓய்வு கிடைக்கும்போது அவற்றை உண்மையிலேயே காலி செய்துவிடும். பிறகு எந்தக் கருவியாலும் பயனில்லை. காலியிடத்தின் மேல் பலமுறை எழுதித் துடைக்கும் 'வைப் ஃப்ரீ ஸ்பேஸ்' வசதி எஸ்எஸ்டிக்குத் தேவையற்றது என்பதும் இதனால்தான். அது டிரைவின் ஆயுளில் ஒரு பகுதியை வீணாக்குவதோடு சரி.