அந்த மஞ்சள் கண்ணைக் கடையில் வாங்காதீர்கள்

கல்லூரிகளில் கலைவிழாக் காலம் தொடங்கிவிட்டால், கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவில் (கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தையே கருவிழி என்கிறேன்) பணிபுரியும் எங்களிடம் ஒரே வகையான நோயாளிகள் வரிசையாக வரத் தொடங்கிவிடுகிறார்கள். அண்மையில் வந்த மாணவரால் வலது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' படத்தைத் தழுவிய மேடை நடனத்துக்காக இணையத்தில் மலிவாக வாங்கிய மஞ்சள் கான்டாக்ட் லென்ஸை, ஒத்திகை நாள்களிலிருந்தே நண்பர்கள் மாற்றி மாற்றி அணிந்திருக்கிறார்கள். இடையிடையே குழாய்த் தண்ணீரில் அலசியிருக்கிறார்கள். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தபோது கருவிழியின் நடுவே, பார்வை செல்லும் பாதையிலேயே, அரிசி நொய்யளவுக்கு ஒரு வெண்புண் இருந்தது. அதன்மேல் பச்சை கலந்த சீழ் படிந்திருந்தது. "பவர் இல்லாத லென்ஸ்தானே டாக்டர், இதற்கு எதற்கு மருத்துவர் சீட்டு என்று நினைத்தோம், மேக்கிங் வீடியோவைப் பார்த்துத்தான் எல்லாம் செய்தோம்" என்றார் உடன் வந்த நண்பர். இந்தப் பதிலை இன்னொரு முறை கேட்கும் பொறுமை எனக்கு இல்லை.

'த்ரில்லர்' உருவான விதத்தைக் காட்டும் அந்த மேக்கிங் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அது ஏன் எடுக்கப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 1981இல் வெளிவந்த ஓர் ஓநாய் மனிதன் திரைப்படத்தைப் பார்த்து வியந்த ஜாக்சன், அதன் இயக்குநர் ஜான் லாண்டிஸைத் தாமே தேடி அழைத்தார். அதே படத்தின் ஒப்பனைக்காக ஆஸ்கர் விருது பெற்ற ரிக் பேக்கரும் உடன் வந்தார். ஏறத்தாழ 6 நிமிடப் பாடல், 14 நிமிடக் குறும்படமாக வளர்ந்தது. செலவும் அதற்கேற்ப வளர்ந்தது. அந்தச் செலவை ஈடுகட்டுவதற்காகத்தான், படம் உருவான விதத்தையே தனிப்படமாக எடுத்துத் தொலைக்காட்சிகளுக்கும் பின்னர் வீடியோ கேசட்டாகவும் விற்றார்கள். ஆகவே அது ரசிகர்களுக்காக எடுக்கப்பட்ட பொழுதுபோக்குப் படம். ஜாக்சன் ஒப்பனை நாற்காலியில் அமர்ந்திருப்பதையும் சிரிப்பதையும் அதில் காணலாம். கண்ணில் எதை, எவ்வளவு நேரம், யார் மேற்பார்வையில் வைக்கலாம் என்பதைக் கற்பிக்கும் நோக்கம் அதற்கு இல்லை.

1983 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் படப்பிடிப்பு நடந்தபோது, இன்று நீங்கள் வாங்கும் மெல்லிய நிற லென்ஸ்கள் திரைப்பட ஒப்பனையில் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. வெண்விழியையும் சேர்த்து மூடும் பெரிய, கடினமான பிளாஸ்டிக் லென்ஸ்களே அக்காலத் திகில் படங்களின் வழக்கம். அவற்றின் வழியே ஆக்சிஜன் ஊடுருவாது. அதனால் கண் மருத்துவ நிபுணர் ஒருவர் நடிகரின் கண்ணை அளந்து லென்ஸைப் பொருத்துவார். காட்சி எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அணிவித்து, முடிந்தவுடன் கழற்றிவிடுவார்கள். முகத்துக்கும் இதே முன்னேற்பாடுதான். முகத்தை அச்செடுத்து, ரப்பர் பாலை இட்லி மாவைப் போல நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றிச் சூட்டடுப்பில் வேகவைத்து எடுத்த துண்டுகளைத்தான் ஒட்டுவார்கள். என்னிடம் வந்த மாணவரின் நண்பர்களோ கடையில் வாங்கிய ரப்பர் பாலை நேராகக் கண்ணிமையில் பூசியிருந்தார்கள். (அதைக் காய்ந்தபின் உரித்தெடுக்கும்போது புருவமும் இமைமுடியும் கூடவே வருவதைச் சொல்லத் தொடங்கினால் தனிக் கட்டுரையாகிவிடும்.)

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மஞ்சள் பூனைக்கண், ஜாக்சன் மிருகமாக மாறும் தொடக்கக் காட்சியில் வருகிறது. கடைசியில் அவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் உறைந்த காட்சியில் மறுபடி வருகிறது. உலகமே ஆடிப் பார்த்த அந்தப் பிணங்களின் நடனத்தில் அது வருவதே இல்லை. பாட்டின் பல்லவி வரும்போது ஜாக்சனின் முகத்தில் பிண ஒப்பனைகூட இராது. நொடிகளில் முடிந்துவிடும் காட்சிக்காகப் பொருத்தப்பட்ட ஒன்றை, நம் பிள்ளைகள் ஒத்திகை, மேடை, அதன்பின் தேநீர்க் கடை, இரவில் விடுதி உறக்கம் என்று கழற்றாமலே சுமக்கிறார்கள்.

இனி அந்தப் 'பவர் இல்லாத லென்ஸ்' என்ற பேச்சுக்கு வருகிறேன். பவர் என்பது ஒளியை எப்படி வளைப்பது என்பதைப் பற்றியது. லென்ஸ் உங்கள் கருவிழியில் சரியாக உட்காருகிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கருவிழியின் வளைவும் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும். தட்டையான கருவிழியில் வளைவு மிகுந்த லென்ஸை வைத்தால் அது கவ்விப் பிடிக்கும். கண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற இடமிருக்காது. கருவிழிக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனின் பெரும்பகுதியை அது கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே பெறுகிறது. அதை மூடிவிட்டால் மேல்தோல் வீங்கி, நலிந்து, நுண்ணிய கீறல்கள் விழும். பவர் பூஜ்யமாக இருந்தாலும் சரி, மைனஸ் நான்காக இருந்தாலும் சரி, கருவிழிக்கு மூச்சுத் திணறல் ஒன்றுதான். சொல்லப்போனால் பவர் இல்லாத லென்ஸ்தான் அதிக ஆபத்து, ஏனெனில் பார்வைக்காக லென்ஸ் அணிபவர் பரிசோதனைக்கு வந்து அளவு பார்த்து, கழற்றவும் கழுவவும் கற்றுக்கொண்டு போகிறார். வேடத்துக்காக வாங்குபவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டமே அலங்கார லென்ஸ்களையும் மருத்துவச் சாதனங்கள் என்று வகைப்படுத்தி, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

அந்தக் கீறலில்தான் கிருமி நுழைகிறது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாள்களிலேயே கருவிழியைக் கரைத்து ஓட்டை போடக்கூடியது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி அதைவிடப் பிடிவாதமானது. பல மாதங்கள் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு நடுவில் விழுந்தால், கண் தானமாகப் பெற்ற கருவிழியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். யாரோ ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவே கொடுத்த கருவிழியை, ஒரு நடனத்துக்கு வாங்கிய லென்ஸின் பொருட்டுச் செலவழிக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

படத்தின் தொடக்கத்தில், பேய் பிசாசு நம்பிக்கைகளை இப்படம் எவ்வகையிலும் ஆதரிக்கவில்லை என்று தம் மதப்பற்றின் காரணமாக ஜாக்சன் ஓர் அறிவிப்பை இட்டிருந்தார். பேயைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. லென்ஸைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருந்தால் என் வேலை கொஞ்சம் குறைந்திருக்கும்.

அணிந்தே தீருவேன் என்பவர்கள் முதலில் கண்ணைக் காட்டி அளவு பார்த்து வாங்குங்கள். ஒருவர் லென்ஸை இன்னொருவர் தொடவே கூடாது. உயிர் நண்பராக இருந்தாலும் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே லென்ஸை எடுக்க வேண்டும். லென்ஸுக்கான திரவத்தைத் தவிர வேறெதிலும், குறிப்பாகத் தண்ணீரிலும் எச்சிலிலும், அதை நனைக்காதீர்கள். ஒப்பனைக்கு முன்பு அணியுங்கள். ஒப்பனையைக் கலைப்பதற்கு முன்பு கழற்றுங்கள். அணிந்தபடி தூங்காதீர்கள், இருட்டில் வண்டி ஓட்டவும் செய்யாதீர்கள்: இருளில் உங்கள் கண்ணின் பாப்பா (நடுவே தெரியும் கறுப்பு வட்டம்) விரியும், லென்ஸின் நடுவிலுள்ள நிறமில்லாத வட்டம் விரியாது. ஒளிப்பதிவு செய்து வெளியிடுவதுதான் நோக்கம் என்றால், கண்ணை மஞ்சளாக்கும் வேலையைக் கணினியிடம் விட்டுவிடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் அந்த நொடியே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே வாருங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பு குறைவதுபோல் தோன்றும். உள்ளே புண் ஆழமாகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். லென்ஸைத் தூக்கி எறியாமல், அதன் பெட்டியோடும் மீதமுள்ள திரவத்தோடும் கையில் எடுத்து வாருங்கள். எந்தக் கிருமி என்பதை அதிலிருந்தே வளர்த்துக் கண்டுபிடிக்க எங்களால் பல வேளைகளில் முடியும்.