‘ஆஃபர்’ என்று வந்தால் அழித்துவிடு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்துக்கு மெயில், கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொடுக்கிறேன். போன மாதம் அங்கே மெர்ச்சண்டைசராக, அதாவது சரக்கு வாங்கும் பையர்களிடம் ஆர்டர் பேசும் வேலையில், இருக்கும் அக்கா கூப்பிட்டார். “தம்பி, பையர் ரெண்டு மெயில் போட்டேன்ங்கிறார். இங்க ஒண்ணுமே வரலை. ஸ்பேம்லயும் தேடிட்டேன்.”

இரண்டும் டிராஷில் கிடந்தன. முதல் மெயில் வந்து 19 நாள் ஆகியிருந்தது. தள்ளுபடி விளம்பரங்களின் தொல்லை தாங்காமல் யாரோ ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறார்கள்: தலைப்பில் ‘ஆஃபர்’ இருந்தால் அழித்துவிடு. பையரோ ‘பெஸ்ட் ஆஃபர்’ அனுப்பச் சொல்லித்தான் விலை கேட்டிருந்தார். பதில் வராததால் ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். ஜிமெயிலில் டிராஷுக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். இன்னும் 11 நாள் போயிருந்தால் காரணம்கூடத் தெரிந்திருக்காது.

ஸ்பேம் பிடிக்கும் வேலையை ஜிமெயிலே பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. அதனால் நான் முதலில் போடுவது நல்ல மெயிலைக் காப்பாற்றும் ஃபில்டர். பையர், ஆடிட்டர், ஷிப்பிங் ஏஜெண்ட் ஆகியோரின் முழு மெயில் முகவரியைக் கொடுத்து, ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபோல்டர் மாதிரி தனியாகத் திறந்து பார்க்க ஒரு லேபிளும் ஒட்டிவிடுவேன்.

விளம்பரங்களுக்கு அப்புறம்தான் வருவேன். அங்கேயும் தலைப்பில் வரும் சொல்லை நம்புவதில்லை. அனுப்புபவரின் முகவரிதான் கணக்கு. ‘அழி’ என்பதை விட்டுவிட்டு, இன்பாக்ஸில் வராமல் ஒரு லேபிளுக்குள் போகும்படி வைப்பேன். வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்தால் போதும்.

ஃபில்டரைச் சேமிப்பதற்கு முன், முகவரியையோ சொல்லையோ நிரப்பும் அதே கட்டத்தில் இருக்கும் ‘தேடு’ பட்டனை அழுத்துங்கள். பழைய மெயில்களில் எவையெல்லாம் அதில் சிக்கும் என்று வரிசையாகக் காட்டும். அன்று இதைச் செய்திருந்தால் பையரின் பழைய மெயில்கள் கண்ணில் பட்டிருக்கும். மொபைல் ஆப்பில் ஃபில்டர் போட வசதி இல்லை. கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும்.

செட்டிங்ஸில் ஃபில்டர் பக்கத்துக்குப் போகும்போது அங்கே ஏற்கெனவே இருப்பதையும் ஒரு கண் பாருங்கள். கணக்குக்குள் திருட்டுத்தனமாக நுழைபவர்கள், ‘பேமெண்ட்’, ‘இன்வாய்ஸ்’ என்று வரும் மெயிலைத் தங்கள் முகவரிக்குத் திருப்பிவிட்டு, நம் இன்பாக்ஸில் தெரியாமல் மறைக்கும் ஃபில்டரைப் போட்டுவைப்பது உண்டு. உங்களுக்குத் தெரியாத ஃபில்டர் இருந்தால் உடனே நீக்குங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் அந்த ஃபில்டர் அங்கேயே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.