தண்ணீர் மாதிரி எடுக்கும் முன் கிராம சபைத் தேதியைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கல்லூரி மாணவர்கள் பாட்டிலோடு வந்து தண்ணீர் பிடித்துப்போவதும் புதிதல்ல. பிடித்துப்போன தண்ணீரில் என்ன இருந்தது என்பதுதான் ஊருக்குத் தெரியாது. அறிக்கை துறை அலமாரியில் இருக்கும். முகாம் படங்கள் கல்லூரியின் தர மதிப்பீட்டுக் கோப்பில் இருக்கும்.

கல்லூரியும் ஊராட்சியும் சேர்ந்து செய்யும் வேலை அறுந்துபோவது இந்த இடத்தில்தான். ஆகவே முடிவை ஊரில் சொல்லும் நாளை முதலில் குறியுங்கள், பாட்டில் வாங்குவது அப்புறம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்று குடிநீரைப் பற்றிப் பேசுவது எளிது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜனவரி கடைசியில் மாதிரி எடுப்பது, பிப்ரவரியில் பரிசோதனை, மார்ச் முதல் வாரத்தில் ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் முடிவைக் காட்டுவது. இந்தக் கடைசிப் படியைத் தாண்டிவிட்டு நேராகச் சபையில் எண்களை வாசித்தால், தலைவருக்கு அது தன்மேல் சொன்ன குற்றமாகத்தான் படும். அதற்குப் பிறகு அந்த ஊரில் கதவு திறக்காது.

கல்லூரி முதல்வரும் ஊராட்சித் தலைவரும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: முடிவு யாருக்குச் சொந்தம், பரிசோதனைச் செலவு யாருடையது, பொறுப்பாசிரியர் மாறினால் அடுத்து யார். ஊர்ப் பக்கம் தொடர்புக்கு மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகிறது, எது கோடையில் வற்றும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மாதிரி எடுப்பதில் தவறுகள் ஏராளம். ஃபுளோரைடுக்குக் கண்ணாடி பாட்டில் கூடாது. அது கண்ணாடியோடு வினைபுரியும். பாலித்தீன் பாட்டில் எடுத்து, அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, பிறகு நிரப்புங்கள். அடிபம்பை ஐந்து நிமிடமாவது அடித்துவிட்டுப் பிடியுங்கள். இல்லையேல் குழாயில் தேங்கிய தண்ணீர்தான் வரும். கிருமிப் பரிசோதனைக்கு எடுப்பது வேறு கணக்கு. நுண்ணுயிர் நீக்கிய பாட்டில், பனிக்கட்டிப் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம். இரண்டுக்கும் ஒரே பாட்டிலில் பிடித்துவரும் குழுக்கள் உண்டு. அதில் கிருமி முடிவைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

போர்த் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கும் ஊரில் தொட்டி மாதிரி மட்டும் போதாது. அன்று எது எவ்வளவு ஏறியதோ அதற்கேற்ப எண் மாறும். போரில் ஒன்று, தொட்டியில் ஒன்று, தெருக்கடைசிக் குழாயில் ஒன்று எடுத்து, தேதியையும் நேரத்தையும் பாட்டிலிலேயே எழுதுங்கள்.

இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. ஃபுளோரைடை ஏற்கிறது; வேறு தண்ணீரே இல்லாதபோது 1.5 மி.கி. வரை. வண்ணம் பார்த்துச் சொல்லும் கையடக்கப் பரிசோதனைப் பெட்டியால் இந்த இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. எல்லைக்கு அருகில் வரும் மாதிரிகளை ஆய்வகத்தில் மின்முனை முறையில் உறுதிசெய்யுங்கள். பத்தில் ஒன்றையாவது குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். ஒரு போரை மாற்றித் தரச் சொல்லி ஊராட்சி எழுதும்போது, அரசு ஆய்வகத் தாளுக்கு இருக்கும் எடை கல்லூரித் தாளுக்கு இராது.

ஃபுளோரைடு பல்லில் கறை ஏற்றும்; ஆனால் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பது மாணவர் வேலையல்ல. கறை வெற்றிலையாலும் வரும், புகையிலையாலும் வரும், கவனிப்பின்மையாலும் வரும். பிரித்தறிய பல் மருத்துவக் கல்லூரியை அழையுங்கள். பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். முகம் தெரியும் படம் வேண்டாம். பல்லில் கறை உள்ள பெண்ணுக்கு வரன் தள்ளிப்போகும் ஊர்களில் ஒரு புகைப்படம் செய்யும் கேடு பெரிது.

சபையில் சொல்லும்போது மி.கி. கணக்கு ஏறாது. எந்தக் குழாய் குடிக்க, எந்தக் குழாய் துவைக்க என்று தெருவாரியாகச் சொல்லுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும் என்பதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்; காய்ச்சிக் குடிக்கச் சொல்லியே பழக்கிய ஊர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். ஆர்.ஓ. நீக்கும், கேண்டில் வடிகட்டியும் புற ஊதா விளக்கும் நீக்கா. கோயில் திடலில் ஒரு கூட்டம் போட்டு முடித்துக்கொள்ளாமல் பட்டியலினக் குடியிருப்பிலும் தனியாக ஒரு முறை சொல்லுங்கள். குடிக்க ஆகாது என்று சிவப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டிய பம்பு அங்கிருக்கும் ஒரே பம்பாக இருந்தால், மாற்றுக் குழாய் வரும் தேதி முடிவாகாமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

மே மாதம் நீர்மட்டம் இறங்கியதும் மறுபடி எடுக்க வேண்டும். அப்போது மாணவர்கள் தேர்விலோ விடுமுறையிலோ இருப்பார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குக் கையடக்கப் பெட்டிப் பயிற்சி தர வழியுண்டு. ஜனவரியிலேயே அவர்களைக் கூட வைத்துக்கொண்டு மாதிரி எடுத்தால் மே மாத வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாட்டில்களையும் பதிவேட்டையும் செயலரிடம் விட்டுவிட்டு வாருங்கள்.