கண் வைத்தால் இடம் கிடைக்காது, துண்டு போடுங்கள்

"இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்ததே!"

இணைய ஏலத்தில் பொருளைத் தவறவிட்டவர்கள் சொல்லும் இதை இந்த வருடம் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். போன வாரம் இப்படிப் புலம்பியவர் ஓஹையோவில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பழைய பேஸ்பால் கார்டு, புகைப்படம், டிக்கெட் எல்லாம் பார்த்து, அசலா போலியா, எந்தக் காலத்தது, என்ன விலை பெறும் என்று சொல்வது என் பிழைப்பு. அவர் பத்து வருடத்துக்கு மேலாக என்னிடம் வருகிறவர். விவரம் தெரிந்தவர். அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.

அவர் சேகரிப்பது கறுப்பின வீரர்களின் அணிப் படங்களை மட்டும். 1920ல் கான்சஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கினாரே, அதற்கும் முந்தைய படம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு ஏலத் தளத்தில் (பெயர் வேண்டாம்) அப்படி ஒன்று வந்தது. யாரோ தாத்தா வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்த அஞ்சலட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறார்கள். தலைப்பில் பேஸ்பால் என்ற சொல்லே இல்லை. "பழைய அஞ்சலட்டை, ஆண்கள் விளையாட்டுக் குழு", அவ்வளவுதான். நம் ஆசிரியர் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி 'அஸோ' என்ற எழுத்துகள், நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணங்கள். அந்தக் குறி இருந்தால் தாள் 1904க்கும் 1918க்கும் இடைப்பட்டது. முன்பக்கம் சட்டையில் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் என்ற கறுப்பின அணியின் பெயர். ஆரம்ப விலை 9.99 டாலர். ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை. ஆனால் 14 பேர் வாட்ச் லிஸ்டில், அதாவது கேட்காமல் கவனித்து மட்டும் வரும் பட்டியலில், போட்டிருந்தார்கள்.

நம்மவர் என்ன செய்தார்? பதினைந்தாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை இரவு முடிவதற்குப் பத்து விநாடி முன்னால் விலை கேட்டு அடிக்கலாம் என்று போனில் அலாரமும் வைத்தார். வியாழக்கிழமை காலை பார்த்தால், பொருள் கைவசம் இல்லை, விற்பவரே ஏலத்தை முடித்துவிட்டார் என்று ஒரு வரி. கைவசம் இல்லையாம்! நேற்று இருந்தது இன்று எங்கே போயிருக்கும்? மற்ற 14 பேரில் எவரோ, அல்லது பட்டியலிலேயே சேராத பதினாறாவது ஆள், "இப்போதே முடித்துக்கொடுங்கள், இவ்வளவு தருகிறேன்" என்று செய்தி அனுப்பியிருப்பார். தாத்தா வீட்டுக் குப்பைக்கு ஐந்நூறு டாலரா என்று அவர்களும் மகிழ்ந்திருப்பார்கள். என்னிடம் வந்திருந்தால் சில ஆயிரம் என்று சொல்லியிருப்பேன்.

சரி, முடிய எவ்வளவு நேரம் பாக்கி என்று திரையில் காட்டும் அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். என்னை அதிகம் படுத்துவது அதுதான்.

ஊரில் பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, நினைவிருக்கிறதா? வெளியே நின்று "அந்த ஜன்னலோர சீட் நமக்கு" என்று கண் வைத்தவனுக்கு யாராவது இடம் கொடுத்ததுண்டா? வாட்ச் லிஸ்ட் என்பது வெளியே நின்று கண் வைப்பது. ஏலம் கேட்பதுதான் துண்டு. துண்டு போட்டாலும் எடுத்து எறிந்துவிட்டு உட்காருகிறவன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவன் கொஞ்சம் யோசிக்க வேண்டும், எறிவதை நாலு பேர் பார்ப்பார்கள்.

"மூன்று நாள் 4 மணி நேரம் பாக்கி" என்று திரையில் ஓடுவதை நன்றாகப் படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், வழக்கறிஞர்கள்கூட ஒப்பந்தம் போலவே பார்க்கிறார்கள். அது ஒப்பந்தம் கிடையாது. விற்பவர் மனம் மாறாமல் இருந்தால் இந்த நேரத்தில் முடியும் என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் அச்சடித்திருக்கிறது என்பதற்காகக் கல்யாணம் நின்றதே இல்லையா? இன்னொன்றும் சொல்கிறேன். வாட்ச் லிஸ்ட் ரகசியம் என்று நினைக்கிறார்கள். உங்கள் பெயர் தெரியாது, சரி. எண்ணிக்கை விற்பவருக்குத் தெரியும். பத்து டாலர் அட்டையை 14 பேர் பார்க்கிறார்கள் என்றால் அவருக்கே சந்தேகம் வராதா? ஆக, ஒளிந்து நிற்பதாக நினைத்துக்கொண்டு கூட்டம் சேர்த்துவிடுகிறீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உரிமை என்று எதுவும் இல்லை.

"முன்னாலேயே கேட்டால் விலை ஏறிவிடும், கடைசி விநாடியில்தான் கேட்க வேண்டும்" என்பது அடுத்த பாடம். ஸ்னைப்பிங் வேலை செய்யும், நானும் செய்கிறேன். ஆனால் 9.99 டாலர் ஆரம்ப விலைக்கு ஒரே ஒரு தடவை கேட்டு வைத்தால் விலை எங்கே ஏறும்? அங்கேயேதான் நிற்கும். வெறும் ஆரம்ப விலையைக் கேட்பவரைப் பார்த்து எவரும் பொக்கிஷம் என்று ஊகிக்கப் போவதில்லை. ஞாயிறு இரவு உங்கள் உண்மையான தொகையைத் தாராளமாக அடியுங்கள். முதல் நாள் துண்டு, கடைசி விநாடி அடி. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஈபே விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிய 12 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்து, கேட்டவர் ஒருவராவது இருந்தால், விற்பவர் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு நடையைக் கட்ட முடியாது. அதிகம் கேட்டவருக்கே கொடுத்து முடிக்கலாம், அவ்வளவுதான். அதற்கு முன்பானால் கேட்டவற்றை ரத்து செய்து முடிக்க வழி இருக்கிறது. ஆனால் அப்போதும் அவர் உங்களை ரத்து செய்தாக வேண்டும், உங்களுக்குத் தகவல் வரும், தளத்திடம் முறையிட உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். யாருமே கேட்காத ஏலம் என்றால் ஒரு சொடக்கில் காணாமல் போகும்.

சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வழக்கறிஞன் இல்லை, ஆனால் இந்தப் பிரிவைப் பலமுறை படித்தாயிற்று. அமெரிக்காவில் யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்ற வணிகச் சட்டத் தொகுப்பின் 2-328ம் பிரிவின்படி, வெளிப்படையாக வேறு மாதிரி அறிவிக்காதவரை எந்த ஏலமும் 'வித் ரிசர்வ்' வகைதான். சுத்தியல் விழும்வரை பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதாவது சட்டமும் உங்கள் கடிகாரத்தை மதிக்கவில்லை. ஜெர்மனியில் கதை வேறு. அங்கே ஒருவர் தன் பழைய பாசாட் காரை 1 யூரோ ஆரம்ப விலைக்கு ஈபேயில் போட்டார். வெளியில் நல்ல விலை கிடைத்ததும் ஏலத்தைப் பாதியில் நிறுத்தினார். 1 யூரோ கேட்டிருந்தவர் வழக்குப் போட, 2014ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் அவருக்கு 5,249 யூரோ நஷ்டஈடு சரியே என்றது. கவனியுங்கள், அவர் கேட்டிருந்தார். வாட்ச் லிஸ்டில் போட்டுவிட்டு வழக்குக்குப் போகவில்லை.

விற்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்லவரவில்லை. பெரும்பாலும் அவர்கள் பயந்துபோகிறார்கள். 2009ல் செய்தியில் வந்த ஒன்று. கலிஃபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் பழம்பொருள் விற்கும் ஒரு பெண்மணி, பழைய அட்டை ஒன்றை 10 டாலருக்கு ஈபேயில் போட்டார். அதில் இருந்தது 1869ம் வருடத்து சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி, வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடவைத்த முதல் அணி. நியூயார்க்கின் பெக் அண்ட் ஸ்னைடர் என்ற விளையாட்டுப் பொருள் கடையின் விளம்பர அட்டை. செய்திகள் வந்து குவிந்தன. இத்தனை பேர் ஏன் கேட்கிறார்கள் என்று அவர் ஏலத்தையே எடுத்துவிட்டார். பிறகு முறையாக ஏலம்விட்டபோது 75,000 டாலருக்கு மேல் போனது. அவர் செய்தது மிகச் சரி. அவசரப்பட்டுச் செய்தி அனுப்பியவர்கள்தான் தங்கள் தலையில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டார்கள். இன்று இது இன்னும் மோசம். 1952ம் வருடம் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற வீரரின் கார்டு ஒன்று 2022ல் 1.26 கோடி டாலருக்குப் போனதை வீட்டில் இருக்கும் பாட்டிகளும் படித்திருக்கிறார்கள். நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை 2024ல் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீகான மேஜர் லீக் தன் கணக்கில் சேர்த்ததிலிருந்து அந்த அணிகளின் படங்களுக்கும் தனிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஏலம் பாதியில் நின்றால் சந்தோஷப்பட வேண்டிய நேரமும் உண்டு. நியூயார்க் பொது நூலகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பிலிருந்து எப்போதோ காணாமல்போன 19ம் நூற்றாண்டுப் பேஸ்பால் ஆவணங்கள் பற்றி 2009ல் எஃப்பிஐ விசாரித்தது. அப்படிப்பட்ட ஆவணம் உங்கள் கைக்கு வராமல் போனால் கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடையுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் "முடித்துக் கொடுங்கள்" செய்தி அனுப்பியவன்தான். இரண்டு தடவை பொருளும் கிடைத்தது. மூன்றாவது தடவை, தளத்துக்கு வெளியே, பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியில் பணம் அனுப்பினேன். வந்தது இன்க்ஜெட்டில் அச்சடித்து டீத்தூள் தண்ணீரில் முக்கிய படம். லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தவுடன் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அந்த வழியில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. தளத்துக்கும் பொறுப்பு இல்லை. பிறர் போலியைக் கண்டுபிடித்துக் காசு வாங்குகிற ஆள் வெளியில் சொல்லவும் முடியாமல் விழுங்கிக்கொண்டேன்.

எனவே தயவுசெய்து தளத்துக்கு வெளியே போகாதீர்கள். அசாதாரணமான பொருள் கண்ணில் பட்ட அன்றே குறைந்தபட்சத் தொகைக்குக் கேட்டு வையுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். ஏலமின்றி உடனே வாங்கும் 'பை இட் நவ்' விலையும் சேர்த்துப் போட்டிருந்து அது நியாயமாக இருந்தால், 40 டாலர் மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியத்தை வேறு எங்காவது காட்டுங்கள், உடனே வாங்குங்கள். இல்லை, விலை அநியாயம் என்றால் ஏலத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முதல் ஆள் கேட்டதும் அந்த 'பை இட் நவ்' பொத்தான் மறைந்துவிடும், வேறு எவரும் அதை அழுத்த முடியாது.

விற்பவருக்குப் பொருளைப் பற்றி வகுப்பெடுக்காதீர்கள். "இது எந்த வருடம் தெரியுமா, இதில் நிற்பவர் யார் தெரியுமா" என்று மூன்று பத்தி எழுதிவிட்டு, ஏலத்தை எடுத்துவிட்டார்கள் என்று என்னிடம் அழுகிறவர்களை என்ன செய்வது? எழுதியே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "வெளியே பேரம் பேச வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஏலத்தைக் கடைசிவரை ஓடவிடுங்கள், உங்களுக்குத்தான் லாபம்." உண்மையும் அதுதான். இது எழுதியதால் நின்ற ஏலத்தை நான் பார்த்ததில்லை, எழுதியதால் ஓடிய ஏலங்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பொருள் எண், எல்லாப் புகைப்படங்கள், விவரம், விற்பவரின் ஊர். அதே அட்டை ஆறு மாதம் கழித்துப் பெரிய ஏல நிறுவனத்தின் பட்டியலில் வரும், அப்போது அது எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும். அந்தப் பெரிய நிறுவனங்களிலும் இதே கண் வைக்கும் வியாதி வேண்டாம். பலவற்றில் கடைசி நாள் மாலை ஒரு குறிப்பிட்ட மணிக்குள் அந்தப் பொருளுக்கு ஒரு தடவையாவது கேட்டிருந்தால்தான் இரவில் நேரம் நீட்டி நடக்கும் ஏலத்தில் கலந்துகொள்ள முடியும். இரவு பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினால் எவரும் திறக்கமாட்டார்கள். இதுபோல ஒருவர் தன் தந்தை பிறந்த ஊர் அணியின் படத்தை விட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போட்டிக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நம் ஆசிரியரிடமிருந்து செய்தி. 1887ம் வருடத்து ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் பெட்டியோடு வந்த பேஸ்பால் கார்டு போல ஒன்று வந்திருக்கிறதாம், ஒரு மூலை மடங்கியிருக்கிறதாம், படம் அனுப்பியிருந்தார். கீழே, "இன்னும் 5 நாள் இருக்கிறது. வாட்ச்சில் போட்டுவிட்டேன்."

எழுதுவதை நிறுத்திவிட்டுப் போன் செய்தேன். என்ன திட்டினேன் என்று இங்கே போட முடியாது. 12 டாலருக்குக் கேட்டுவிட்டார்.