பேக்லிங்க் என்பது பின்னிணைப்பு அன்று

‘பின்னிணைப்புக் கட்டிடத்தின் இரகசியங்கள்’ என்பது போன்ற தலைப்புகளோடு, நூறு ரூபாய்க்கும் குறைந்த விலையில், மின்னூல்கள் மதுரை வணிகர்களின் கைப்பேசிகளுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. மாசி வீதிகளில் சுங்குடிச் சேலை விற்பவரும் அப்பளம் தயாரித்து வெளியூருக்கு அனுப்புபவரும், தம் இணையதளம் கூகுள் தேடலில் மேலே வரவேண்டும் என்ற நியாயமான விருப்பத்தால் அவற்றை வாங்குகிறார்கள். அந்நூல்கள் கற்பிக்கும் வழிகள் எத்தகையவை என்பதைப் பின்னர்ப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘பேக்லிங்க் பில்டிங்’ எனப்படுவதற்கு ஈடாக அத்தலைப்பில் வைத்த ‘பின்னிணைப்பு’, ‘கட்டிடம்’ என்ற இரண்டு சொற்களுமே பிழையானவை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

பின்னிணைப்பு என்பது தமிழ்ப் பதிப்புலகில் நெடுங்காலமாக நிலைபெற்ற சொல். நூலின் இறுதியில் சேர்க்கப்படும் அட்டவணை, கடிதம், கல்வெட்டுப் படி முதலியவற்றை அது குறிக்கும். பேக்லிங்க் என்பதோ ஓர் இணையதளத்தை வேறோர் இணையதளம் தன் பக்கத்திலிருந்து சுட்டுவது. முதலாவது நாமே நம் நூலில் சேர்ப்பது. இரண்டாவது பிறர் தம் பக்கத்தில் நமக்காகச் செய்வது. இந்த மொழிபெயர்ப்பை நம்பிய வணிகர் ஒருவர், தம் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பிற தளங்களின் முகவரிகளை வரிசையாகச் சேர்த்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். பின்னிணைப்பு என்ற சொல்லை அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். சொல்லைக் கொடுத்தவர்தான் தவறாகக் கொடுத்தார். அதனால் அந்த வணிகர் தாம் பெற வேண்டியதைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு சிறியது. லிங்க் என்பது சங்கிலியின் ஒற்றைக் கண்ணியைக் குறித்த பழஞ்சொல். 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்த வலையில் இந்தத் தொடர்பு ஒருவழிப்பட்டது. சுட்டும் பக்கத்திற்குத் தெரியும், சுட்டப்படும் பக்கத்திற்குத் தெரியாது. சுட்டப்பட்ட பக்கத்தில் நின்று, நம்மை யார் சுட்டினார் என்று திரும்பிப் பார்ப்பதால் ‘பேக்’ என்னும் முன்னொட்டு வந்தது. லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய, பின்னர்க் கூகுள் ஆன தேடுபொறிக்கு முதலில் அதே ‘பேக்’ சேர்ந்த ‘பேக்ரப்’ என்றே பெயர். பிற ஆய்வாளர்களால் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுக்கட்டுரை மதிப்புடையது என்ற கல்வியுலக வழக்கத்தை வலைக்குப் பொருத்தி, பக்கங்களை மதிப்பிட 1998இல் அவர்கள் வெளியிட்ட முறையே பேஜ்ரேங்க். எல்லாச் சுட்டுதலும் ஒரே எடை உடையதன்று, மதிப்புள்ள பக்கம் சுட்டினால் எடை கூடும் என்பது அதன் உயிர்நிலை.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருகிறேன். ‘இணைப்பு’ என்பதே இங்கு அவ்வளவு பொருத்தமில்லை. இணை என்றால் சோடி, ஒப்பு. இணையடி, இணைபிரியாமை என்ற வழக்குகளில் இரு பக்கமும் சமமாக நிற்கின்றன. ஒருவர் மட்டும் கைகாட்ட, மற்றவர் அதை அறியாமலே இருக்கக்கூடிய உறவை இணைப்பு என்பது உண்மையை மறைக்கிறது. விளைவு என்னவென்றால், நீ என்னைச் சேர்த்துக்கொள், நான் உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்னும் பரிமாற்றமே முறையான வழி என்று படிப்பவர் எண்ணிவிடுகிறார். ஆனால் அளவுக்கு மீறிய பரிமாற்றத்தைக் கூகுள் தன் விதிகளில் முறைகேடாகவே வகைப்படுத்தியிருக்கிறது. ‘தொடுப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. பூத்தொடுத்தல் வாழும் ஊரில் அது இனிய சொல்லாகத் தோன்றலாம். எனினும் எங்கள் பக்கத்துப் பேச்சில் தொடுப்பு என்றால் மணவாழ்வுக்கு வெளியே உள்ள உறவு என்றே கேட்பவர் கொள்வார். ஒரு கடைக்காரரிடம் ‘உங்களுக்கு எத்தனை தொடுப்பு இருக்கிறது’ என்று கேட்க எந்த மொழிபெயர்ப்பாளரும் துணியமாட்டார் என்றால், அந்தச் சொல்லை அவர் நூலில் எழுதுவதும் தகாது. ‘சுட்டி’ பொருளில் அணுக்கமானது. ஆயினும் அது கணினியின் மவுசுக்கும் வழங்கிவிட்டது, குறும்புக் குழந்தைக்கும் பெயராகிவிட்டது.

எனவே நான் பரிந்துரைப்பது ‘சுட்டு’ என்பதையே. அ, இ, உ ஆகிய எழுத்துகளைச் சுட்டு என்று நன்னூல் வகுத்தது, அவை தமக்கு வெளியே உள்ள பொருளைக் காட்டுவதால். ஒருவழிப்பட்டிருக்கும் தன்மை இச்சொல்லின் உள்ளேயே இருக்கிறது. சுடுதல் என்னும் வினையின் எச்சமும் சுட்டு என்றே வரும் என மறுப்பவர் இருக்கலாம். சுட்டெழுத்து, சுட்டுப்பெயர் என்று பள்ளியில் படித்தவர் எவரும் அவ்வாறு மயங்கியதில்லை. பேக்லிங்கைப் ‘பிறர்சுட்டு’ எனலாம். பின் என்ற இடப்பொருளை விட்டு, செய்பவர் யார் என்பதைச் சொல் தானே சொல்லிவிடும். இதுவும் வேண்டாம் என்பவர் பேக்லிங்க் என்றே தமிழ் எழுத்தில் எழுதட்டும். பிழையான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேலானது என்பதே என் உறுதியான கருத்து.

‘கட்டிடம்’ என்பது இன்னும் பெரிய கேடு. பில்டிங் என்னும் தொழிற்பெயரைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பொருளின் பெயராகப் பெயர்த்திருக்கிறார்கள். இயந்திரம் பெயர்த்ததை ஒருமுறைகூடப் படித்துப் பாராமல் விலைக்கு வைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. மாதந்தோறும் செந்தமிழ் இதழ் வெளியிட்டு, 1901 முதல் தமிழுக்கு உழைத்த மதுரைத் தமிழ்ச் சங்கம் இருக்கும் ஊரில் இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சிலர் திருத்திக் ‘கட்டமைத்தல்’ என்கிறார்கள். அதுவும் சரியன்று. பிறர் மனமுவந்து தருவதை நாம் கட்டமைக்க முடியாது. ‘பிறர்சுட்டு ஈட்டல்’ என்பதே பொருந்தும்.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை நன்கறியும். பலதுறை நூல்களைச் செய்து முடித்தாலும் ‘தான்தற் புகழ்தல் தகுதி யன்றே’ என்கிறது நன்னூல்; அதனாலேயே நூலின் சிறப்பைச் சொல்லும் முன்னுரையாகிய சிறப்புப் பாயிரம் பாட உரியவர் ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் என்று வரையறுக்கிறது. பிறர்சுட்டு நம் தளத்துக்குக் கிடைக்கும் பாயிரம். விலைக்கு வாங்கிய பாயிரத்தைக் கற்றவர் அவை எப்படிக் கருதுமோ அப்படியே தேடுபொறியும் கருத முயல்கிறது. கூகுள் தேடலில் 2012 ஏப்ரலில் வந்த ‘பெங்குவின்’ என்னும் மாற்றம் இத்தகைய போலிகளைக் குறிவைத்தது. 2016 முதல் அது தேடுபொறியின் அடிப்படைச் செயல்பாட்டிலேயே கலந்துவிட்டது.

இந்த அளவைக் கொண்டு மலிவு மின்னூல்களை மதிப்பிடுவது கடினமன்று. வலைப்பதிவுகளின் கருத்துப் பகுதியில் முகவரியை இட்டுச் செல்லுமாறு ஒரு நூல் கற்பித்தால், அது 2005இல் நின்றுவிட்ட நூல். இந்தச் சுட்டை எடைபோட வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ குறி அவ்வாண்டில்தான் அறிமுகமானது, வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் கருத்துகளில் உள்ள சுட்டுகளுக்கு அதைத் தாமாகவே இடுகின்றன. பூச்சியம் முதல் பத்து வரையிலான பேஜ்ரேங்க் மதிப்பெண்ணைப் பார்த்துத் தளங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அந்த எண்ணைப் பொதுமக்களுக்குக் காட்டுவதைக் கூகுள் 2016இலேயே நிறுத்திவிட்டதை ஆசிரியர் அறியவில்லை என்று பொருள். ஒரே இரவில் ஆயிரம் சுட்டுகள் என்று உறுதி சொன்னால், அவற்றைத் தருபவர் யார், எதற்காகத் தருகிறார் என்ற கேள்விக்கு நூலில் விடை இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரும்பாலும் இராது. இரகசியம் என்ற சொல்லும் ஐயத்துக்குரியதே. கூகுள் தன் விதிகளையும் வழிகாட்டுதலையும் கட்டணமின்றிப் பொதுவில் வைத்திருக்கிறது.

மாறாக, 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடியின் முடிச்சுகள் எவ்வாறு போடப்படுகின்றன, சாயம் எவ்வாறு ஏறுகிறது என்பதைப் படங்களோடு தம் தளத்தில் விரிவாக எழுதும் வணிகரை, நெசவு கற்பிக்கும் ஆசிரியரோ கைத்தறி பற்றி எழுதுபவரோ ஒருநாள் சுட்டக்கூடும். அதற்கு மாதங்கள் ஆகும். அதை ஒளிக்காமல் சொல்லும் நூல் கிடைத்தால் விலை கூடுதலாயினும் வாங்கலாம்.

நோஃபாலோவுக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘பின்தொடராதே’ என்று பெயர்ப்பவர்கள் அதைப் படிப்பவருக்கு இட்ட கட்டளையாக்கிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தைக் காட்டுகிறேன், ஆனால் இதற்கு நான் பொறுப்பேற்கவில்லை என்று தேடுபொறிக்கு எழுதுபவர் தரும் குறிப்பு அது. ‘பரிந்துரையாச் சுட்டு’ என்று நான் எழுதிவருகிறேன். இதைவிடக் குறுகியதும் தெளிவானதுமான சொல்லை எவரேனும் ஆக்கித் தந்தால் அதையே வழங்க ஆயத்தமாயிருக்கிறேன்.