டிராக்டர் இழுத்துவிடும், நிறுத்துமா?

இந்தச் சம்பா அறுவடையிலும் அதேதான் நடந்திருக்கிறது. நெல் ஏற்றிய டிரெய்லரோடு வயலிலிருந்து ஆற்றுக்கரைச் சாலைக்கு ஏறும் சரிவில் டிராக்டரின் முன் சக்கரம் தூக்கி, வண்டி மல்லாந்து, ஸ்டியரிங் நசுங்கி என் பட்டறைக்கு வந்து நிற்கிறது. ஓட்டிய பையன் குதித்துத் தப்பித்துவிட்டான். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. வண்டி பின்பக்கம் சாயத் தொடங்கினால் இரண்டு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கிளட்சை மிதிக்க நினைக்கும்போதே ஸ்டியரிங் நெஞ்சில் இருக்கும்.

எத்தனை மூட்டை ஏற்றினீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. எத்தனை கிலோ என்று கேட்டால் முழிக்கிறார்கள். கடைசியில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "50 எச்.பி. வண்டிண்ணே, இதுகூட இழுக்காதா?"

இழுக்கும் தம்பி. 35 எச்.பி. வண்டியும் இழுக்கும். லோ கியரில் போட்டால் தட்டையான தார் ரோட்டில் எட்டு டன்னைக்கூட நகர்த்திவிடும். எச்.பி. என்ற குதிரைத்திறன் எஞ்சினின் வேலை. நிறுத்துவது எஞ்சின் இல்லை, பிரேக்கும் டயரும். அந்த டயர் தரையை எவ்வளவு பிடிக்கும் என்பது அதன் மேல் நிற்கும் எடையைப் பொறுத்தது. எச்.பி. கூடினால் வண்டியின் எடையும் அதே அளவுக்குக் கூடிவிடாது. 45 எச்.பி.யும் 50 எச்.பி.யும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், சுமார் இரண்டு டன். நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். டிரெய்லரிலோ பெரும்பாலும் பிரேக்கே கிடையாது.

இப்போது கணக்குப் போடுங்கள். காலி டிரெய்லர் ஒன்றரை டன். அதில் 40 கிலோ சிப்பம், அதாவது எடை போட்டுக் கட்டிய மூட்டை, 150 என்றால் ஆறு டன். ஆக, ஏழரை டன் பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் நின்று அதைத் தடுக்க வேண்டியது இரண்டு டன் வண்டியின் இரண்டு சக்கரங்கள். டிராக்டர் கையேடுகளில் போட்டிருப்பதைப் படித்திருக்கிறீர்களா? பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை டிராக்டர் எடையில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் டிரெய்லரோடு சேர்த்தே மூன்று டன்தான். அதாவது 40 சிப்பம்கூட ஏற்ற முடியாது. இதை யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். அதிகம் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் டிரெய்லருக்குப் பிரேக் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு, வண்டி ஒரு தடவை கவிழ்ந்தால் ஆகும் செலவில் சிறு பங்குதான்.

சிப்பம் கணக்காவது தெரிந்த கணக்கு. களத்தில் கட்டும் மூட்டையை யாரும் எடை போடுவதில்லை. மிஷின் அறுத்த கையோடு ஏற்றும் நெல்லில் ஈரம் வேறு. 22 சதவீத ஈரத்தில் இருக்கும் நெல், கொள்முதல் நிலையம் கேட்கும் 17 சதவீதத்துக்குக் காயும்போது டன்னுக்கு 60 கிலோ இறங்கிவிடும். ஆறு டன் பாரத்தில் 360 கிலோ வெறும் தண்ணீர். அப்புறம் மண், மணல். டிரெய்லர் நிறையவில்லையே என்று சிலர் பலகை வைத்து உயர்த்துகிறார்கள். 100 கன அடி நெல் ஒன்றே முக்கால் டன்னுக்குள் இருக்கும். அதே இடத்தில் காய்ந்த மணல் நாலரை டன். ஈர மணல் இன்னும் அதிகம். டிரெய்லரின் பலகை உயரம் எடையைச் சொல்லாது.

"நம்ம ஊரு தட்டை பூமி, மலையா ஏறப் போறோம்?" என்று கேட்பவர்களும் உண்டு. நம் காவிரி டெல்டாவில் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று எந்த ஆற்றின் கரையையும் போய்ப் பாருங்கள். வயல் தாழ்ந்து கிடக்கும், சாலை கரை மேல் ஓடும். இடையில் ஏறும் சரிவு நீளம் குறைவு, ஆனால் செங்குத்து, அதுவும் களிமண். ஏறும்போது முன் சக்கரம் தூக்குகிறது என்பதற்காக இரண்டு பையன்களை முன் பம்பரில் ஏற்றி நிற்க வைக்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் 110 கிலோ வருமா? தவறி விழுந்தால் விழுவது சக்கரத்துக்கு அடியில். முன்னால் எடை வேண்டுமென்றால் கம்பெனி தரும் வெயிட் பிளேட்டை மாட்டுங்கள். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் திரும்பியும் வண்டி திரும்பாது.

இரண்டு சக்கர டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கும் அதே கதைதான். முன்பாரம் மிஞ்சினால் டிராக்டரின் மூக்கு தூக்கும். பின்பாரமானால் கொக்கியை மேலே இழுத்து, பின் சக்கரத்தின் பிடியே போய்விடும். அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் கூடுதலாக இருந்தால் போதும்.

சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க, டிராக்டரின் பின்னால் மேலே இருக்கும் டாப் லிங்கில் சங்கிலி மாட்டவே கூடாது. கீழே இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் இரும்புப் பின்னுக்குப் பதிலாகப் பழைய போல்ட்டைச் செருகாதீர்கள். பின்னுக்குக் கீழே கிளிப் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பாருங்கள். சேறு கலக்கும்போது திருப்ப வசதியாக இடது, வலது சக்கரத்துக்கான இரண்டு பிரேக் பெடலையும் பிரித்திருப்பீர்கள். ரோட்டுக்கு ஏறுமுன் அதைச் சேர்த்து லாக் போடாவிட்டால், மிதித்ததும் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி ஆற்றுக்குள் போகும். பாலத்து இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

டிரெய்லரின் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் காலி எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்தாவது, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒரு தடவை எடை மேடையில் ஏறிப் பாருங்கள். சீட்டில் வரும் எண்ணைப் பார்த்தால் நீங்களே அடுத்த நடையில் மூட்டைகளில் பாதியை இறக்கிவைப்பீர்கள்.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். நடவுக்குப் போகும் பெண்களை டிரெய்லரில் ஏற்றாதீர்கள். நெல் மூட்டை மேலும் ஏற்றாதீர்கள். டிரெய்லர் ஆட்களை ஏற்றுவதற்கான வண்டி இல்லை. வேன் வாடகையைக் கூலியோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.