அலையே இல்லாத லகூனில் இழுப்பு எங்கிருந்து வருகிறது?

"ஆகஸ்டில் பிரெஞ்சு பாலினேசியாவின் மோரியா தீவுக்குப் போகிறோம். கயாக், ஸ்நார்கெலிங் எல்லாம் உண்டு. லகூனுக்குள், அதாவது பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள நீரில், அலையே இருக்காது என்கிறார்கள். ஆனால் பவளத்திட்டில் இருக்கும் திறப்புப் பக்கம் மட்டும் போகக்கூடாதாம். அலையில்லாத தண்ணீர் ஆளை எப்படி இழுக்கும்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கடல் ஏற்றவற்றம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். மோரியாவுக்கு அது பொருந்தாது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் 30 செ.மீ.தான். நிலவால் எழும் ஏற்றவற்றம் மோரியாவும் பக்கத்துத் தீவான தாஹிதியும் இருக்கும் பகுதியில் மிகவும் தேய்ந்துவிடுகிறது. அதனால் அங்கே சூரியன் வைத்ததே சட்டம்: கடல் ஏறுவது ஏறத்தாழ நண்பகலிலும் நள்ளிரவிலும்தான், நாள்தோறும்!

இழுப்பைக் கிளப்புவது வெளிக்கடல் அலை. தீவைச் சுற்றி வளையமாக நிற்கும் பவளத்திட்டின் விளிம்பில் அது உடைந்து நுரைக்கிறது. ஓசையும் நுரையும் அடங்கிவிடும். ஆனால் அலை சுமந்து வந்த உந்தம் காணாமல் போகாது. அது தண்ணீரைத் தீவின் பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளிய நீர் குவிந்து, திட்டின் மேல் கடல்மட்டமே கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. திறப்பிலோ ஆழம் அதிகம். அங்கே அலை உடைவதில்லை, நீரும் குவிவதில்லை, மட்டம் தாழ்ந்தே இருக்கிறது. உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு நீர் ஓடத்தானே செய்யும்? திட்டு முழுக்க அகலமாக உள்ளே வந்த தண்ணீர் அத்தனையும், மழைக்காலக் கண்மாய் கலிங்கு வழியே பாய்வதுபோல, அந்தக் குறுகிய வாயில் வழியே வெளியேறுகிறது. நுரை இல்லாமல் நீலமாக, அமைதியாகத் தெரிகிற அந்த இடத்தில்தான் இழுப்பு அதிகம். இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு அலுப்பதே இல்லை.

முகமூடியோடு குனிந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பவளத்துக்கு மேலே மிதவையுயிர் தின்னும் சின்ன மீன்கள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து, நகராமல் நீந்திக்கொண்டிருக்கும். நீரோட்டம் அவற்றின் முகத்துக்கு எதிரே வருகிறது என்று பொருள்.

அலை உடைந்து நீர்மட்டம் உயர்வதைப் பற்றி கடலாய்வாளர்கள் வால்டர் மங்க், சார்ஜென்ட் இருவரும் 1948-இலேயே எழுதினார்கள். களம் பசிபிக்கின் மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி பவளத்தீவு. அமெரிக்கா அங்கே அணுகுண்டு வெடிக்கப் போனதால் ஆய்வுக்கும் பணம் கிடைத்தது. மோரியாவில் நிலைமை மேல். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 2004 முதல் அங்கே நீண்டகால ஆய்வு நடக்கிறது. பல ஆண்டுகள் விடாமல் அளந்தால்தான் ஒரு லகூனின் குணம் பிடிபடும். அந்தப் பொறுமைக்குச் செலவிட அரசுகள் தயங்கக்கூடாது. நம் லட்சத்தீவுக்கும் இதையேதான் கேட்பேன்.

வாசகிக்கு: வெயிலையும் காற்றையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆகஸ்டில் அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்களில் எங்கோ வீசும் புயலின் அலைகள், வானம் வெளுத்திருக்கும் நாளிலும் மோரியாவின் தென்கரைக்கு வந்து சேரும். அன்று தென்பக்கத் திறப்புகளில் இழுப்பு கடுமையாக இருக்கும். வடகரை பெரும்பாலும் சாதுவாக இருக்கும் பருவம் அது. கயாக்கை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். திட்டின் விளிம்பில் வெள்ளை நுரைக்கோடு தடித்துத் தெரிந்தால், திறப்பிலிருந்து இன்னும் தள்ளியே இருங்கள். தப்பித்தவறி இழுப்பில் மாட்டினால் எதிர்த்துத் துடுப்பு போட்டுக் களைக்காமல், குறுக்காகப் போட்டு ஓட்டத்தின் ஓரத்துக்கு வாருங்கள்.